சீமாட்டி மேலே ஏறிய வழி

மோப்ப நாய் சீமாட்டி, தன்னைப் புதைத்த மறுநாள் காலையில் வேலைக்கு வந்தது. நாய்ப்படைக் கொட்டடியின் இரும்புக் கதவருகே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, வழக்கம்போல் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது. காதோரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரமண் ஒட்டியிருந்தது. அதைக் குழியில் இறக்கி, வானத்தை நோக்கிச் சுட்டு மரியாதை செலுத்திய அதே காவலர்கள்தான் அன்றைக்கும் காலை வரிசையில் நின்றார்கள். செத்த நாய் பணிக்குத் திரும்பினால் என்ன செய்வது என்று விதிமுறையில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. விதியில் இல்லாததை மேலே கேட்டால் அது கேட்டவன் தலையில்தான் விடியும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார், இமையை விலக்கிப் பார்த்தார், கடைசியாக மூக்கைத் தொட்டார். "மூச்சும் இல்ல, துடிப்பும் இல்ல. ஆனா மூக்கு நல்லா ஈரமா இருக்கு. மோப்ப நாய்க்கு அதுதானே முக்கியம்" என்று சொல்லி, பணிக்குத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அது எதற்காகத் திரும்பி வந்தது என்பது அதன் கயிற்றைப் பிடித்திருந்த காவலருக்கு மட்டும் உடனே புரிந்தது. நாய்க்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். இடது முழங்காலில் வலி, பேச்சு குறைவு, பேசினாலும் நாயிடம்தான் அதிகம். நடை உடையில் அந்த நாய் காட்டிய மிடுக்கைப் பார்த்து அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சாவதற்கு முன் சீமாட்டி ஒரு வேலையைப் பாதியில் விட்டிருந்தது. அந்த வேலை ஒரு காயில்காரனைப் பற்றியது.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பவன் அவன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அகலம் குறைந்த ஒரு கடை. சுற்றி முடித்த காயிலை வார்னிஷில் முக்கி வெயிலில் வைப்பான். அதனால் அவன் சட்டை, தலைமுடி, நகக்கண் எல்லாவற்றிலும் வார்னிஷ் வாடை ஊறிப்போயிருந்தது. அவனுடைய அக்கா நகரப் பேருந்தில் கண்டக்டர். பேருந்தின் பின்படியில் நின்று ஒரு அதட்டுப் போட்டால் முன்படியில் தொங்குகிறவன் உள்ளே ஏறிவிடுவான், அப்படி ஒரு குரல். கட்டியவனைப் பற்றிக் கேட்டால், "வாங்குன டிக்கெட்டுக்கு முன்னாடி ஸ்டாப்லயே இறங்கிட்டான்" என்பதோடு முடித்துக்கொள்வாள். அதன் பிறகு அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் காலை, எங்கோ மின்மாற்றியில் கம்பி திருடு போய்விட்டது என்று சொல்லி ஜீப்பில் வந்தவர்கள் தம்பியைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே பார்த்தது. ஜீப்பில் ஏறும்போது அவன் பக்கத்து டீக்கடைக்காரரிடம், "வெயில்ல காயில் வெச்சிருக்கேண்ணே, தூறல் விழுந்தா உள்ள எடுத்து வெச்சிருங்க, வந்துடறேன்" என்றான். தூறல் விழுந்தது. டீக்கடைக்காரர் காயிலை உள்ளே எடுத்து வைத்தார். அவன் வரவில்லை.

நிலையத்து ஆய்வாளருக்குப் பவுடர் என்று பட்டப்பெயர். கழுத்து வரைக்கும் முகப்பூச்சு பூசிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார். அக்கா போய் நின்றபோது அவர் தலையை நிமிர்த்தாமல், "அப்படி யாரும் இங்க வரலியேம்மா. உன் தம்பி வயசுப் பையன், எங்கயாவது போயிருப்பான்" என்றார். "செருப்பு உங்க வாசல்ல கிடக்கு சார்" என்றாள் அக்கா. அவர் எழுந்து வந்து வாசலைப் பார்த்தார். மறுநாள் அக்கா போனபோது செருப்பு இல்லை. நீதிமன்றத்தில் மனு போட்டாள். ஆளைத் தேடிக் கொண்டுவாருங்கள் என்று நீதிமன்றம் காவல்துறையிடமே சொல்லியது.

அந்த மாநிலத்தின் காவல்துறை ஓர் ஏணியைப் போல் அமைந்தது. கீழ்ப்படியில் நிலையம். நிலையங்கள் சில சேர்ந்தால் உட்கோட்டம். உட்கோட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம். மாவட்டங்கள் சேர்ந்தால் சரகம். சரகங்கள் சேர்ந்தால் மண்டலம். மண்டலங்களுக்கெல்லாம் மேலே தலைநகரில் தலைமையகம், அதன் உச்சி மாடியில் தலைவர். ஏணியில் இருப்பவர் மேலே பார்த்தால் முன்னால் ஏறுபவரின் குதிகால் தெரியும். கீழே பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஒரு காரியம் தன் கைக்குப் பெரிதாகப் பட்டால் மேலே அனுப்ப வேண்டும், மேலிருந்து வந்தால் கீழே அனுப்ப வேண்டும், எதையும் தன் படியில் தங்கவிடாதவரே திறமையான அதிகாரி. ஏணிக்குப் பக்கவாட்டில் கிளைகளும் உண்டு: குற்றத்துக்கு ஒன்று, உளவுக்கு ஒன்று, போக்குவரத்துக்கு, ஆயுதப்படைக்கு, கம்பியில்லாத் தகவலுக்கு, தடய ஆய்வுக்கு என்று தனித்தனியாக. நாய்ப்படை தடய ஆய்வுக் கிளையின் கீழ் வந்தது. ஆகவே நிலையத்துக்கு ஒரு நாய் வேண்டுமென்றால் அந்தக் கோரிக்கை ஏணியின் உச்சிவரை ஏறி, கிளைக்குத் தாவி, மறுபடி இறங்கி வர வேண்டும். அது ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் சீமாட்டிக்கு மூப்பு தட்டி, பின்கால் இழுக்கத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் அது போயிற்று. அக்கா கொடுத்த பழைய சட்டையை முகர்ந்தது, கடையிலிருந்து நேராக நிலையத்துக்கு நடந்தது, பின்கட்டில் பூட்டிக் கிடந்த ஓர் அறையின் முன்னால் போய் நின்றது. பவுடர், அது உடைந்த நாற்காலி போடும் அறை என்றார். சாவி இல்லை என்றார். சீமாட்டி கதவை மூக்கால் தொட்டது, அங்கேயே படுத்தது, செத்துப்போனது. பவுடர்தான் முதலில் தொப்பியைக் கழற்றினார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் நாய்க்காரர் சீமாட்டியோடு அக்காவின் பேருந்தில் ஏறினார். கூட்டம் தானாக விலகி இடம் விட்டது.

"போலீஸ்காரனுக்கே இந்த பஸ்ல டிக்கெட் கிடையாது, நாய்க்கு என்னய்யா டிக்கெட்" என்று கத்திக்கொண்டே வந்தவள், நாயைப் பார்த்ததும் நின்றாள். "இது செத்துப்போச்சுன்னாங்களே?"

"ஆமாம்மா, செத்துதான் போச்சு" என்றார் நாய்க்காரர். "வேலை பாக்கி இருக்குபோல. அந்தச் சட்டையை இன்னொரு தரம் குடுங்க."

அக்கா குனிந்து நாயின் முகத்தைப் பார்த்தாள். அதன் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது, அது இமைக்கவில்லை. "உயிரோட இருக்கிற ஒருத்தனும் வரல. நீயாவது வந்தியே" என்றாள். அன்று மாலை சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பூட்டிய அறையை இந்தமுறை திறந்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் சீமாட்டி பூட்டிய கதவின் ஊடாகவே உள்ளே போய்விட்டது. உள்ளே அகப்பட்ட அரசு நாயை எடுக்காமல் விட்டால் அது வேறு குற்றம். அறையில் உடைந்த நாற்காலி எதுவும் இல்லை. கழுவி விட்ட தரையும், அந்தத் தரையிலிருந்து எழுந்த வார்னிஷ் வாடையும் மட்டும் இருந்தன. சீமாட்டி அறையைச் சுற்றி வந்து, பவுடரின் முன்னால் போய் உட்கார்ந்தது. மோப்ப நாய் ஒருவர் முன் உட்கார்ந்தால் அதற்கு என்ன பொருள் என்று காவல்துறையில் சேர்ந்த புதியவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து பவுடரின் உடம்பில் வார்னிஷ் வாடை ஏறிக்கொண்டது. எத்தனை டப்பா பூசினாலும் அது மேலே வந்தது. அவர் மனைவி சீருடையைக் கொல்லையில் காயப்போடச் சொன்னாள், பிறகு அவரையே கொல்லைப் பக்கமாக வரச் சொன்னாள். தெருவில் பூனைகள் அவரைக் கண்டால் வழிவிட்டன. அவரை விசாரிக்கும் பொறுப்பு மேல்படிக்குப் போனது; சீமாட்டியும் அதே திசையில் நடக்கத் தொடங்கியது. நிலைய எல்லை முடியும் பாலத்தின் மேல் அது நின்றது. அந்தப் பக்கம் போக உட்கோட்டத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வரும்வரை ஒரு மழைக்காலம் முழுக்கச் சீமாட்டி பாலத்திலேயே உட்கார்ந்திருந்தது. செத்த நாய்க்கு என்ன அவசரம்.

உட்கோட்டத்தில் அது பறிமுதல் பொருள்கள் வைக்கும் கொட்டகைக்குள் போனது. அங்கேயும் வார்னிஷ் வாடை இருந்தது. அந்த நாற்காலிக்கு வந்து சில மாதமே ஆன அதிகாரி, "இது நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது" என்றார். சீமாட்டிக்கு அந்தக் கணக்கு கிடையாது. நாற்காலியில் யார் இருந்தாரோ அவர் முன் உட்கார்ந்தது. அவருக்கும் வாடை ஏறியது. அவர் அதை மேலே எழுதி அனுப்பிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மாவட்டக் கண்காணிப்பாளர் ஒரு பெண். மேடம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்; வயது குறைவு, கையூட்டு வாங்காதவர், காவலர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவியவர் என்ற நல்ல பெயர் உண்டு. அவர் நாயைக் காக்க வைக்கவில்லை. தாமே எல்லை வரை வந்து அழைத்துக்கொண்டு போனார். ஆயுதக் கிடங்குக்குப் பக்கத்திலிருந்த குளிர்ந்த அறையைத் தம் கையால் திறந்துவிட்டார். சீமாட்டி உள்ளே போய்ச் சுவரோரம் நீளவாக்கில் முகர்ந்தது, ஒரு ஆள் படுக்கும் நீளம். பிறகு வந்து மேடத்தின் முன் உட்கார்ந்தது. மேடம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவைத் தம் அறைக்குள் அழைத்து, உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார்.

"என்ன நடந்திருக்குன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா" என்றார். "நிலையத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம உட்கோட்டத்துக்கு அனுப்பியிருக்காங்க. அவங்க இங்க அனுப்பியிருக்காங்க. இங்க இருந்தவர் மேல அனுப்பியிருக்கார். யாருமே முடிவெடுக்கல."

"எதை அனுப்பினாங்க?"

மேடம் மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார்.

"உயிரோட அனுப்பினாங்களா மேடம்?"

மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை மேடம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. பேருந்தில் ஊரையே அதட்டுகிறவள் தாழ்ந்த குரலில், "நீங்க என்ன செய்யப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நானும் மேலதாம்மா அனுப்பணும்" என்றார் மேடம். "வேற வழி இல்ல." அப்படிச் சொல்லி முடித்த நொடியில் தம் கைக்குட்டையிலிருந்து வார்னிஷ் வாடை கிளம்பியதை அவரே உணர்ந்தார்.

அதற்கு மேல் வருடங்கள் வேகமாக ஓடின. சரகத்தின் வாசலை அடையும் நேரத்தில் அரசு மாறி, சரகத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்த கோடு நெடுஞ்சாலையின் நடுவே போனது. சீமாட்டி அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. தலை ஒரு சரகத்திலும் வால் ஒரு சரகத்திலும் இருந்ததால் நாய் யாருடையது என்ற கேள்வி எழுந்து, அது தீரும்வரை லாரிகள் இருபக்கமும் விலகி ஓடின. இருட்டில் தெரிய வேண்டும் என்று போக்குவரத்துக் கிளை அதன் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டியது. நாய்க்காரர் சாலையோரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி, "செத்ததைப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டதால் சோறு மட்டும் தூக்குவாளியில் வந்தது. வாரவிடுப்பில் அக்கா வந்து பக்கத்தில் உட்காருவாள். ஆரம்பத்தில் அவரைச் சீருடைக்காகத் திட்டியவள், பிறகு சீருடையை விட்டுவிட்டு அவரை மட்டும் திட்டினாள், பிறகு முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "தம்பி நல்லாப் பாடுவான்" என்று ஒருமுறை சொன்னாள். "என்ன பாட்டு?" என்றார் அவர். "எல்லாம் பாதிதான் தெரியும்" என்றாள்.

இதற்கிடையே துறைக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வாடை ஏறியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். கூட்டத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து அது வந்தால் ஒரு தெம்பு. இவரும் நம்ம ஆள்தான், வாயைத் திறக்க மாட்டார். வாடை இல்லாதவர் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. பதவி உயர்வுக் காலங்களில் வாடை உள்ளவர்கள் மேலே ஏறினார்கள், அவர்கள் தங்களுக்குக் கீழே வாடை உள்ளவர்களையே வைத்துக்கொண்டார்கள். பவுடர் இரண்டு படி ஏறினார். மேடம் மூன்று படி ஏறினார்; காவலர் பிள்ளைகளுக்கு உதவுவதை அவர் நிறுத்தவே இல்லை. மண்டலத்தில் சீமாட்டி உட்கார்ந்தபோது அங்கிருந்த அதிகாரி கொஞ்சமும் கலங்காமல், "அட, எங்க இன்னும் காணோமேன்னு பார்த்தேன்" என்று சிரித்ததாகச் சொல்வார்கள்.

தலைமையகத்தில் மின்தூக்கி இருந்தும் சீமாட்டி படியில்தான் ஏறியது. ஒவ்வொரு மாடியும் ஒரு கிளை. உளவுப் பிரிவில் எல்லோரும் அது வருவதை முன்பே அறிந்திருந்து, அறியாத முகத்தோடு இருந்தார்கள். கம்பியில்லாத் தகவல் மாடியில் கருவிகளெல்லாம் ஒரே சமயத்தில் மூச்சுவிடுவதுபோல் இரைந்தன. தடய ஆய்வு மாடியில் வெள்ளை அங்கிக்காரர்கள் வாடையைக் குப்பியில் பிடித்து வைத்துப் பார்த்து, இது வார்னிஷ்தான், ஆனால் எந்தக் கடையிலும் விற்கும் வார்னிஷ் என்று முடிவு சொன்னார்கள். உச்சி மாடியில் தலைவர் நாய்க்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் அன்பாகத்தான் பேசினார்.

"எவ்வளவு வருஷம் இதைக் கட்டிக்கிட்டு அலைவே? நாய் செத்துப்போச்சு. செத்த நாய் காட்டுனது செல்லாது. அதை மட்டும் சொல்லிட்டு வீட்டுக்குப் போ. முழங்காலுக்கு நல்ல டாக்டர் பாக்கலாம்."

நாய்க்காரர் யோசித்தார். அவர் அதிகம் பேசிப் பழகாதவர். "ஐயா, இது படையில தலைமைக் காவலர் அந்தஸ்துல இருக்கு. இத்தனை வருஷமா வாசல்ல நிக்கிறவங்க எல்லாரும் இதுக்கு சல்யூட் அடிக்கிறாங்க. இது செத்துப்போச்சுன்னு நான் சொன்னா, அவங்களை என்னன்னு சொல்றது?"

தலைவரின் முகம் மாறியது. கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நாய்க்காரர் கயிற்றை நீட்டினார். வாங்கிக்கொள்ள அந்த அறையில் யாரும் கை நீட்டவில்லை. அவர் அதைத் தரையில் மெதுவாக வைத்தார். சீமாட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு தலைவரின் மேஜையைச் சுற்றிப் போய், அவர் முன்னால் உட்கார்ந்து, பிறகு எழுந்து, வந்த படியிலேயே இறங்கி, கட்டடத்துக்குப் பின்னாலிருந்த அணிவகுப்பு மைதானத்தின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு மேல் அது நகரவில்லை. ஏணியில் அதற்கு மேல் படி இல்லை. தம்பி மேலே வந்து சேர்ந்த வருடத்தில்தான் அந்த மைதானத்துக்கு மண் கொட்டி மட்டம் பண்ணியிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

தோண்டச் சொல்வது யார் என்பதில்தான் சிக்கல். மைதானம் ஆயுதப்படையுடையது; மண்ணுக்கு அடியில் இருப்பது எதுவானாலும் குற்றப் பிரிவுடையது; அதைத் தொட வேண்டியது தடய ஆய்வு; மட்டம் பண்ணியது கட்டுமானப் பிரிவு. நாய்க்காரரை ஓய்வில் அனுப்பினார்கள். சீமாட்டியைச் சுற்றி நடக்கும்படி அணிவகுப்பின் பாதையைக் கொஞ்சம் வளைத்தார்கள்.

பதக்கம் வழங்கும் விழாவுக்குப் பொதுமக்களையும் அழைப்பது வழக்கம். அந்த வருடம் அக்காவும் வந்தாள். தலை நரைத்திருந்தது. மண்வெட்டியின் தலையைத் துணிப்பையில் போட்டு, காம்பைக் கைத்தடி போல் ஊன்றிக்கொண்டு நொண்டி வந்தவளை வாசல் காவலர் கைபிடித்து இருக்கையில் உட்காரவைத்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. மேடையில் தலைவர் சல்யூட் அடித்து, நெற்றியில் வைத்த கையோடு நின்றார்; பதக்கம் வாங்குவோர் வரிசையில் முதல் ஆளாகப் பவுடர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்; கிளை கிளையாகப் படைகள் நடந்துவரத் தொடங்கின. அப்போது அக்கா எழுந்து, மண்வெட்டியைக் காம்பில் செருகித் தரையில் தட்டி இறுக்கிக்கொண்டு, மைதானத்தின் நடுவுக்கு நடந்து போய்ச் சீமாட்டியின் பக்கத்தில் முதல் வெட்டு வெட்டினாள்.

யாரும் தடுக்கவில்லை. கருணையால் அல்ல. மைதானத்துக்குள் நடப்பது ஆயுதப்படையின் பாடு என்று சட்டம் ஒழுங்குப் பிரிவு நினைத்தது. பொதுமக்களைத் தொடுவது சட்டம் ஒழுங்கின் பாடு என்று ஆயுதப்படை நினைத்தது. குற்றப் பிரிவுக்குப் புகார் எதுவும் வந்திருக்கவில்லை. பெண்களைப் பிடிக்கும் பெண்கள் படை துப்பாக்கியைத் தோளில் வைத்த நிலையில் கட்டளைக்குக் காத்திருந்தது. குதிரைப்படையின் குதிரைகள் ஓரடி பின்வாங்கி நின்றுகொண்டன. கட்டளையிட வேண்டிய தலைவரோ கடைசிப் படை கடக்கும்வரை கையை இறக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. முதல் படையே கடக்க முடியாமல் நின்றிருந்தது. அந்த அமைதியில் மண்வெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பார்வையாளர் பக்கத்திலிருந்து சாதாரண உடையில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"நகருங்கம்மா. கொஞ்சம் நான் வெட்டறேன்."

"உன் காலு?"

"காலை வெச்சா வெட்டப்போறேன்?" என்றார் நாய்க்காரர்.

மாறி மாறி வெட்டினார்கள். பொழுது சாயும் நேரத்தில் தம்பி தெரிந்தான். அவன் மக்கியிருக்கவில்லை. முக்கி எடுத்த காயிலைப் போல மெல்லிய பளபளப்போடு, ஜீப்பில் ஏறிய அதே வயதில், அதே சட்டையில் கிடந்தான். உள்ளங்காலில், விலாவில், விரல் நுனிகளில் அவனுக்குச் செய்யப்பட்டதெல்லாம் நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. முன்வரிசையில் நின்ற பயிற்சிக் காவலர்கள் அவ்வளவு பேரும் பார்த்தார்கள். ஒருவன் வாந்தியெடுத்தான். பவுடர் நிமிர்த்திய நெஞ்சை இறக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் பூசியிருந்தது வியர்வையில் வழிந்து காலரை நனைத்தது. அக்கா குழிக்குள் இறங்கி, தம்பியின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். இப்போது அவளுக்கு அவன் அம்மா வயது.

"ஏண்டா, எத்தனை ஆபீஸ்டா உன்னை அலைய வெச்சாங்க" என்றாள். பிறகுதான் அழுதாள். நின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் படைகளின் கடைசி வரிசைவரை அந்தக் குரல் போனது.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மைதானத்தை விட்டு வெளியேறினாள். கனமே இல்லை என்று பிறகு சொன்னாள். நாய்க்காரர் பின்னால் மண்வெட்டியோடு போனார். சாலைக்கு வந்ததும்தான் ஒரே ஒரு கிளைக்குத் தன் கடமை தெளிவாகத் தெரிந்தது. பாரத்தோடு ஒரு பெண் சாலையைக் கடக்கிறாள். போக்குவரத்துக் காவலர்கள் இருபக்கமும் கை காட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். வீடுவரைக்கும் அப்படியே. மறுநாள் அவனை அடக்கம் செய்தார்கள். அன்றோடு அக்காவின் வீட்டில் வார்னிஷ் வாடை நின்றது.

துறையில் நிற்கவில்லை. விசாரணை ஆணையம் அமைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் இருந்தவர் தாம் மேலே அனுப்பியதை மட்டும்தான் செய்ததாக நிரூபித்தார், உச்சிப்படியில் இருந்தவர் மேலே படி இல்லாததை நிரூபித்தார். பவுடர் மட்டும் சிறைக்குப் போனார். சிறையில் அவரை அடைத்த அறைக்குப் பக்கத்து அறைகள் காலியாகவே இருந்தன. தலைவரின் கை நெற்றியிலிருந்து இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்தும் பயனில்லாமல் சல்யூட் அடித்தபடியே ஓய்வுபெற்றார், அப்படியே சாப்பிட்டார், அப்படியே தூங்கினார். எதிரில் வந்த பிச்சைக்காரர்கள் பதிலுக்குக் கை வைத்தார்கள்.

சீமாட்டி குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்துவிட்டதே, இனி போய்விடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்து, "மூக்கு இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தார்கள். ஒருத்தி கணவனின் பனியனைக் கொண்டுவந்தாள், ஒருவர் மகனின் பள்ளிச் சட்டையை, ஒரு கிழவர் அண்ணனின் துண்டை. சீமாட்டி ஒவ்வொன்றையும் பொறுமையாக முகர்ந்தது. வரிசை மைதானத்தைத் தாண்டிச் சாலைக்கு நீண்டபோது தலைமையகம் அதற்கென்று ஒரு தனிக் கிளையைத் தொடங்கி, ஓர் அதிகாரியையும் பந்தலையும் தண்ணீர்ப் பானையையும் ஏற்பாடு செய்தது. பயிற்சிப் பள்ளியில் துறையின் அமைப்பைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இப்போது அந்தக் கிளையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மூன்று தலைவர்களுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு மேடம் வந்தார். அந்த மாநிலத்தில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண் என்று எல்லோரும் பூங்கொத்தோடு போனார்கள். அவர் பொறுப்பேற்ற அன்று காலை சீமாட்டி குழியோரத்திலிருந்து எழுந்து உடம்பை உதறியது. படிப்படியாக மாடிகளை ஏறியது. அவர் அறை வாசலில் குறுக்கே போய் உட்கார்ந்தது. அதன் வாயில் ஒரு சட்டை இருந்தது. யாருடையது என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் தச்சர்களை வரவழைத்து, கதவை எதிர்ச்சுவரில் வைத்துக் கட்டினார்கள். இப்போது எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் போய் வருகிறார்கள்.